விதையா, கிழங்கா? களையில் கை வைக்கும் முன் கேட்க வேண்டியது

கத்தரி நாற்று நட்டுப் பத்து நாள் ஆகியிருக்கும். நடுவில் ஒரு நல்ல மழை. அடுத்த வாரம் பாத்திக்குப் போனால் நட்ட செடி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது; நாம் நடாதது அத்தனையும் தளதளவென்று நிற்கிறது. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் மனம் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அரை நாள் குனிந்து பிடுங்குகிறார்கள், இரண்டே வாரத்தில் மறுபடி அதே பச்சை. எத்தனை பிடுங்கினாலும் வருகிறதே என்று அலுத்துத் தோட்டத்தையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாக் களைக்கும் ஒரே வைத்தியம் பார்த்தார்கள், அதனால் வந்த வினை.

ஒரு களையைத் தொடும் முன், அது அடுத்த முறை எங்கிருந்து வரப்போகிறது என்று கேளுங்கள். விதையிலிருந்தா? மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்தோ தண்டிலிருந்தோ வேரிலிருந்தோ வருமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், கொத்தலாமா, பிடுங்கலாமா, மூடி வைக்கலாமா என்பது தானாகத் தெளிந்துவிடும்.

சரி, முதலில் களை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். களைதல் என்றால் நீக்குதல். களைய வேண்டியது களை. அந்தப் பெயரில் தனியாக ஒரு செடிக் குடும்பம் கிடையாது. இந்த இடத்தில் இது வேண்டாம் என்று நாம் எடுக்கும் முடிவுக்குத்தான் அந்தப் பெயர். புல்தரையில் அறுகு படர்ந்தால் மகிழ்ச்சி, வெண்டைப் பாத்தியில் படர்ந்தால் களை. போன பருவத்தில் உதிர்ந்த தக்காளி விதை இந்தப் பருவத்தில் கேரட் நடுவே முளைத்தால் அந்தத் தக்காளியும் களைதான். ஆனாலும் சில செடிகள் எந்த நாட்டுத் தோட்டத்துக்குப் போனாலும் களையாகவே நிற்கின்றன. கிளறிய மண்ணைக் கண்டால் உடனே முளைப்பதும், குறைந்த நாளில் பூத்து விதை விடுவதும் அவற்றின் பழக்கம். தோட்டம் என்பது நாமே கிளறி, உரமிட்டு, நீர் ஊற்றி, வெயில் படும்படி திறந்து வைத்திருக்கும் மண். அவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

வெளிச்சம், நீர், சத்து மூன்றையும் களை பங்கு போட்டுக்கொள்ளும். வெள்ளை ஈ போன்ற பூச்சிகளும் சில நச்சுயிரி நோய்களும் பயிர் இல்லாத நாட்களில் களைச் செடிகளில் தங்கியிருந்துவிட்டுப் பயிருக்கு வரும். ஆனால் பாதிப்பு எல்லா நாளும் ஒரே அளவில் இருக்காது. பெரும்பாலான காய்கறிகளுக்கு, விதைத்த அல்லது நட்ட முதல் 3 முதல் 6 வாரம்தான் ஆபத்தான காலம். அந்த நேரத்தில் களை முந்திக்கொண்டால் பிறகு என்ன செய்தாலும் செடி தேறுவது கடினம். இலைகள் விரிந்து ஒன்றோடொன்று தொட்டு நிலத்தை நிழலாக்கிவிட்டால், அப்புறம் வரும் களையால் அந்தப் பயிருக்குப் பெரிய நட்டம் இருக்காது. நேரம் குறைவாக இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: முதல் ஒன்றரை மாதம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் உறங்கும் விதைகள்

நாம் பார்க்கும் களை, மண்ணில் இருக்கும் களையில் ஒரு சிறு பகுதிதான். ஒவ்வொரு சதுர மீட்டர் தோட்ட மண்ணிலும் ஆயிரக்கணக்கான களை விதைகள் உறக்கநிலையில் கிடக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-ல் 20 பாட்டில்களில் 21 வகைச் செடிகளின் விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். களை விதை எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்பதுதான் அவர் கேள்வி. பல ஆண்டு இடைவெளியில் ஒவ்வொரு பாட்டிலாகத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்கிறார்கள். அவர் காலத்துக்குப் பிறகும் அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் இதைத் தொடர்கிறார்கள். 2021-ல் எடுத்த பாட்டிலில், 142 ஆண்டுக்குப் பிறகும், ஒரு வகையின் விதைகள் முளைத்தன.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அதே பரிசோதனையில் மற்ற வகைகளில் பெரும்பாலானவை வெகு முன்பே உயிரிழந்துவிட்டன. தோட்டத்தில் நாம் சந்திக்கும் பல களைகளின் விதைகள் சில ஆண்டுகளில் பெருமளவு குறைந்துவிடும், ஒரு நிபந்தனையோடு: புதிய விதை விழக் கூடாது. சில களைகள் அதற்கு இடம் தருவதில்லை. முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் அடங்கிய கீரைக் குடும்பத்தில், நன்கு வளர்ந்த ஒரே செடி ஒரு லட்சத்துக்கும் மேல் விதை விடக்கூடிய வகைகள் உண்டு. ஒரு செடியை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாலும் சில வருட உழைப்பு வீணாகிவிடும்.

இன்னொரு செய்தி, எனக்குத் தோட்ட வேலையையே மாற்றியது. நுண்ணிய களை விதைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஆழத்தில் கிடக்கும்வரை அவை உறங்கும். நாம் மண்ணைப் புரட்டும்போது ஒரு நொடிக்கும் குறைவாக வெளிச்சம் பட்டால்கூடப் பலவற்றுக்கு அது போதும். அதனால்தான் ஆழமாகக் கொத்திச் சுத்தம் செய்த பாத்தியில் அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாகக் களை வருகிறது. மேலே இருந்ததை அழித்து, கீழே இருந்ததை எழுப்பிவிட்டிருக்கிறோம். தேவையில்லாமல் மண்ணைப் புரட்டாமல் இருப்பதே பாதிக் களையெடுப்பு என்று நான் நம்புகிறேன்.

உங்கள் களை எந்த வகை?

பெயர் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மண் ஈரமாக இருக்கும்போது ஒரு செடியைச் சுற்றி ஆழமாகத் தோண்டி முழுதாக எடுங்கள். கழுவிப் பாருங்கள். அடியில் மெல்லிய வேர்க் கொத்தோ, ஒற்றை ஆணிவேரோ மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் விதையில் வந்து விதையில் திரும்பும் வகை. மணி மணியாகக் கிழங்கோ, வெள்ளையாகக் கணுக்களோடு பக்கவாட்டில் ஓடும் தண்டோ, விரல் தடிமனில் சதைப்பற்றான வேரோ இருந்தால் அது நிலத்தடியில் சேமித்து வைத்துக்கொண்டு பல வருடம் வாழும் வகை.

புல்லையும் கோரையையும் குழப்பிக்கொள்வதும் வழக்கம். தண்டை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், கணுக்கள் தெரியும்.

விதையில் வருபவை

இவற்றுக்குச் சட்டம் ஒன்றே: பூக்க விடாதீர்கள். முளைத்து இரண்டு மூன்று இலையோடு இருக்கும்போது களைக்கொத்தின் முனையால் மேல்மண்ணைச் சீவினாலே முடிந்தது. ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போக வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில், மண் மேலாகக் காய்ந்திருக்கும்போது சீவுங்கள். அறுந்த நாற்று மாலைக்குள் வாடிவிடும். ஈர மண்ணில் சீவினால் பாதி திரும்ப வேர் பிடிக்கும். கையால் பிடுங்குவதற்கு மட்டும் ஈரம் நல்லது, வேரோடு வரும். சீவுவதற்குக் காய்ந்த மண், பிடுங்குவதற்கு ஈர மண். இதை மாற்றிச் செய்துதான் பலர் இரட்டை வேலை பார்க்கிறார்கள்.

உங்கள் பயிருக்கு ஒட்டி முளைத்ததைப் பிடுங்காமல் தரையோடு கத்தரித்துவிடுவது நல்லது. இழுத்தால் நாற்றின் வேரும் சேர்ந்து அசையும்.

இந்தக் கூட்டத்தில் சிலவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பருப்புக்கீரை சதைப்பற்றான செடி. பிடுங்கிப் பாத்தியிலேயே போட்டால் நாட்கணக்கில் வாடாது, துண்டான தண்டும் வேர் விடும், பூத்த நிலையில் பிடுங்கியிருந்தால் கிடந்தபடியே விதையையும் முற்ற வைத்துவிடும். அதைக் கொத்தித் துண்டாக்காதீர்கள். வாளியில் சேகரித்து வெளியே கொண்டுபோங்கள். கனாவாழை இன்னும் அதிசயமானது. மேலே நீலப் பூ பூப்பதோடு, மண்ணுக்கு அடியிலும் திறக்காத பூக்களை வைத்து அங்கேயே விதை விடும். மேலே கிள்ளிவிட்டு முடிந்தது என்று நினைக்க முடியாது, வேர்ப்பகுதியோடு எடுக்க வேண்டும். புளியாரையின் காய் முற்றினால் தொட்டவுடன் வெடித்து விதையைத் தூர வீசும், எனவே காய் பச்சையாக இருக்கும்போதே கை வைக்க வேண்டும். கிணற்றடிப் பூண்டின் விதை காற்றில் பறக்கும்; நாயுருவி துணியில் ஒட்டிக்கொண்டு வரும்; நெருஞ்சி செருப்பில் குத்திக்கொண்டு வரும். வேலியோரத்தையும் நடைபாதை ஓரத்தையும் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

பார்த்தீனியத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் தொடர்ந்து தொடுபவர்களுக்குக் கடுமையான தோல் அழற்சியும், மகரந்தத்தால் மூக்கடைப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி, இவற்றோடு பூப்பதற்கு முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். குழந்தைகளை இந்த வேலைக்கு அழைக்க வேண்டாம்.

நிலத்தடியில் சேமிப்பு வைத்திருப்பவை

இந்த வகையில் கோரையை முதலில் சொல்ல வேண்டும். வெப்பமான நாடுகளில் மிக மோசமான களை எது என்று கேட்டால் ஆய்வாளர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று அது. கோரையோடு என் முதல் வருட அனுபவம் இன்னும் நினைவிருக்கிறது. மழை முடிந்த கையோடு மண்வெட்டியால் பாத்தி முழுவதும் வெட்டிப் புரட்டினேன். ஒரு மாதத்தில் முன்பு பத்துக் குத்து இருந்த இடத்தில் எண்ண முடியாத அளவு முளைத்திருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று பின்னால்தான் புரிந்தது. கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் மெல்லிய தண்டால் சங்கிலிபோலக் கோத்திருக்கும். சங்கிலி முழுதாக இருக்கும்வரை முனையில் இருப்பது முளைக்கும், மற்ற கிழங்குகள் அடங்கிக் கிடக்கும். சங்கிலியை வெட்டினால் அந்தக் கட்டுப்பாடு அறுந்துபோகிறது. ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கிறது. நான் களை எடுக்கவில்லை, நாற்று விட்டிருக்கிறேன்.

அப்படியானால் என்ன செய்வது? பட்டினி போட வேண்டும். கிழங்கில் இருக்கும் சேமிப்பைச் செலவழித்துத்தான் முதல் இலைகள் வருகின்றன. இலை நன்கு விரிந்த பிறகு வெயிலில் உணவு தயாரித்துக் கிழங்குக்குத் திருப்பி அனுப்பும். முளைத்த சில வாரங்களில் புதுக் கிழங்கும் வைக்கத் தொடங்கும். அந்தத் திருப்பி அனுப்பும் கட்டத்துக்கு முன்பே, மூன்று நான்கு இலை வந்தவுடன், எடுத்துவிட வேண்டும். மறுபடி வரும். மறுபடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிழங்கு இளைக்கும். சிறிய பாத்தியில், வாரம் ஒரு முறை தவறாமல் செய்தால், ஒரு பருவத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இருக்கும். நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டால் செய்தது வீண். இது பொறுமை கேட்கிற வேலைதான், ஆனால் வேலை செய்யும் வழி.

கூடவே இரண்டு உதவிகள் உண்டு. கோரைக்கு நிழல் ஆகாது. சர்க்கரைவள்ளி, பூசணி, தட்டைப்பயறு போல நிலத்தை மூடிப் படரும் பயிரை அந்தப் பாத்தியில் விட்டால் கோரை மெலிந்துபோகும். இன்னொன்று, கிழங்கு காய்ந்தால் செத்துவிடும். கோடையில் பாத்தியைக் காலியாக விட முடிந்தால், கிழங்குகள் மேல் வரும்படி கிளறி, பல நாள் சுட்டெரிக்கும் வெயிலில் காயவிடலாம். நடுவில் சொட்டு நீர்கூடப் படக் கூடாது. பெரும்பாலான கிழங்குகள் மேலிருந்து 15 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஈரமான பருவத்தில் இதைச் செய்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

அறுகுக்கும் இதே நியாயம்தான். தரைக்கு மேல் ஓடுதண்டு, கீழே வெள்ளைத் தண்டு, இரண்டிலும் கணுக்கள். ஒரு கணு உள்ள துண்டு மிஞ்சினால் மறுபடி படரும். முள்கரண்டிபோல் பற்கள் உள்ள கருவியால் மண்ணைத் தளர்த்தி, தண்டை அறுக்காமல் நீளமாக உருவி எடுப்பது சிறந்தது. மூக்கிரட்டைக்குத் தடித்த ஆணிவேர். மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், ஈர மண்ணில் வேரோடு நெம்பி எடுக்க வேண்டும்.

முளைக்க விடாமல் செய்வது

பிடுங்குவதைவிட முளைக்காமல் பார்த்துக்கொள்வது எளிது. வெளிச்சம் படாவிட்டால் நுண்விதை முளைக்காது என்று பார்த்தோமே, அந்த அறிவைப் பயன்படுத்துவதுதான் மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், மட்டை நார், வெட்டிய புல் எதுவானாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அதற்கும் மெல்லியதாகப் போட்டால் களை ஊடுருவி வரும். செடியின் தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும். வைக்கோலில் கதிர் மிச்சமிருந்தாலும், வெட்டிய புல்லில் பூங்கொத்து இருந்தாலும் நாமே விதை போட்டதாகிவிடும். பழைய அட்டைப்பெட்டியை ஒட்டுநாடா நீக்கி விரித்து அதன்மேல் மூடாக்குப் போட்டால் பிடி இன்னும் இறுகும். ஆனால் கோரையின் கூரிய முளை மெல்லிய கறுப்பு நெகிழித்தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும், ஆகவே அதற்கு மூடாக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

விதைப்பதற்கு முன் செய்யக்கூடிய ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. பாத்தியை முழுதாகத் தயார் செய்யுங்கள். நீர் ஊற்றுங்கள். எதுவும் விதைக்காமல் பத்து முதல் பதினான்கு நாள் காத்திருங்கள். மேல்மண்ணில் இருக்கும் களை விதை முளைத்து வரும். ஒரு வெயில் நாளில் மேலாகச் சீவிவிட்டு, மண்ணைப் புரட்டாமல் அதிலேயே உங்கள் விதையைப் போடுங்கள். கேரட், வெங்காயம்போல மெதுவாக வளரும் பயிருக்கு இந்த இரண்டு வாரக் காத்திருப்பு பெரிய விடுதலை.

பாத்தியைக் கோடையில் ஒன்றரை மாதம் காலியாக விட முடிகிறவர்களுக்கு வெயிலே கருவி. மண்ணை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் நெகிழித்தாளை இறுக்கமாக விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி 4 முதல் 6 வாரம் விட்டால் மேல்மண் சூடேறி அங்குள்ள விதைகள் பல செத்துவிடும். 1970களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் மண்ணில் இருக்கும் நோய்க்கிருமிகளை அழிக்க இதை வளர்த்தெடுத்தார்கள், களைக்கும் பயன்பட்டது. கறுப்புத் தாளைவிட ஒளி ஊடுருவும் தாளில்தான் மண் அதிகம் சூடாகும். கோரைக்கிழங்குக்கு இதுவும் முழு மருந்தாகாது.

நீரையும் பாருங்கள். பாத்தி முழுவதும் நனைத்தால் களைக்கும் சேர்த்து ஊற்றுகிறோம். செடியின் வேரடியில் மட்டும் சொட்டுநீர் போனால் இடைவெளி காய்ந்தே இருக்கும்.

அப்புறம், எரு. மாடு தின்ற களை விதை பல சமயம் செரிக்காமல் உயிரோடு வெளியே வரும். அரைகுறையாக மட்கிய எருவை ஒருமுறை பரப்பிவிட்டு, அதுவரை என் தோட்டத்தில் இல்லாத முள்ளுக்கீரையோடு இரண்டு வருடம் போராடினேன். மட்குக் குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாள் இருந்து, அவ்வப்போது புரட்டப்பட்டால் பெரும்பாலான விதைகள் அழியும். வீட்டுச் சிறு தொட்டியில் அந்தச் சூடு வருவது அரிது. அதனால் பூக்காத களையை மட்டும் அதில் போடுங்கள். விதை வைத்ததையும் கோரைக்கிழங்கையும் போட வேண்டாம். புதிதாக வாங்கி வரும் தொட்டிச் செடியின் மேல்மண்ணையும் ஒரு பார்வை பாருங்கள், புளியாரை தோட்டத்துக்குள் நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

மருந்து அடிக்கலாமா?

வீட்டுத் தோட்டத்துக்குக் களைக்கொல்லி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பத்துப் பாத்தியைக் கையாலும் மூடாக்காலும் பார்த்துக்கொள்ள முடியும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாக வேர்வரை போகும். பச்சையாக எது மேல் பட்டாலும் பாதிக்கும், நம் தக்காளி உட்பட. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-ல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் பறித்து உண்ணும் பாத்தியில், குழந்தைகள் ஓடும் இடத்தில், எதற்கு அது?

உப்புக் கரைசல் ஊற்றச் சொல்வார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். உப்பு மண்ணிலேயே தங்கி, களையோடு நீங்கள் நடப்போகும் செடியையும் கெடுக்கும். வினிகர் இளம் நாற்றின் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. கோரைக்கும் அறுகுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. நடைபாதைக் கற்களின் இடுக்கில் வரும் களைக்குக் கொதிக்கும் நீர் நன்றாக வேலை செய்யும், காலில் படாமல் ஊற்றுங்கள்.

எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பயிர் இல்லாத மூலையில் மண்ணைப் பிடித்து நிறுத்தி, மழையில் கரைந்துபோகாமல் காப்பது இந்தச் செடிகள்தான். கிணற்றடிப் பூண்டின் சிறு பூவில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருவதை நானே நின்று பார்த்திருக்கிறேன். பாத்திக்குள் வந்தால் எடுத்துவிடுவேன், வேலியோரம் என்றால் விதை முற்றும் முன் தலையை மட்டும் வெட்டிவிடுவேன். காலையில் செடிக்கு நீர் ஊற்றப் போகும்போது களைக்கொத்தையும் கையில் எடுத்துக்கொள்கிறேன். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு பாத்தி. அன்றைக்கு முளைத்த நாற்றைச் சீவுவதற்கு முதுகு வளைய வேண்டியதுகூட இல்லை, நீளக் கைப்பிடி இருந்தால் நின்றபடியே முடிந்துவிடும்.